சாமி விளக்குக்குப் போன வயர்

முதல் அடி விழுந்தபோது பாக்கியலட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்கள் கிணுகிணுத்தன. "காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டாங்க" என்று முணுமுணுத்துவிட்டுக் கழனித் தண்ணீரைச் சாய்த்தாள். ஓரகத்தி ருக்மணி வீட்டில் எது நடந்தாலும் முதலில் முணுமுணுப்பது, பிறகுதான் என்னவென்று பார்ப்பது. நான்கு வருடமாக அதுதான் அவள் வழக்கம்.

என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மலாக்காவின் அந்தக் காஜா பேராங் பகுதி முழுக்கத் தெரியும். நாடு சுதந்திரம் அடையும் மெர்டேக்கா நாளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. ஊரில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் சில மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. அப்படிக் கிளம்பிய ஒரு துரை வீட்டு ஏலத்தில் ருக்மணியின் புருஷன் தியாகு ஒரு கரண்டு அடுப்பை எடுத்துவிட்டான். நேற்று மாலை லாரியில் வந்து இறங்கியது. நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். பளபளவென்று வெள்ளைப் பூச்சு, மேலே வட்ட வட்டமாக நான்கு தட்டு, கீழே ரொட்டி சுடுகிற பெட்டி. ருக்மணி அதை வாசலிலேயே நிறுத்தி வைத்து அரை மணி நேரம் துடைத்தாள். பாக்கியம் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அந்த அரை மணி நேரமும் பார்த்தாள்.

"ரொட்டி சுடுற பெட்டியாம். தோசையை ஒழுங்கா சுடத் தெரியாது" என்று புருஷன் மாணிக்கவாசகத்திடம் சொன்னாள். அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்று அந்த அடுப்புக்கு வயர் இழுக்க வயர்மேன் வந்துவிட்டார்.

இரண்டு வீடு என்பது பேச்சுக்குத்தான். ஜாலான் பெண்டஹாரா தெருவில் மசாலைச் சாமான் கடை வைத்திருந்த மாமனார் அப்பாசாமி கட்டிய ஒரே வீடு அது. அவர் இருந்தவரை இரண்டு மகன்களும் இரண்டு மருமகள்களும் ஒரே அடுப்படியில்தான் புழங்கினார்கள். அவர் கண்ணை மூடி ஆறு மாதம் ஆகியிருக்கும். பாக்கியம் விரதம் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ருக்மணி கருவாடு வறுத்தாள். கிழமை மறந்துபோச்சு என்றாள் அவள். மூக்குமா மறந்துபோச்சு என்றாள் இவள். பேச்சு வளர்ந்து அண்ணன் தம்பி வரைக்கும் போய், கடைசியில் அடுப்படிக்கு நடுவே செங்கல் சுவர் எழும்பியது. கருவாட்டுக்காகச் சுவர் கட்டிய குடும்பம் மலாக்காவிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது அடி விழுந்தது. மூன்றாவது, நான்காவது. இப்போது நன்றாகக் கேட்டது. சத்தம் அந்த நடுச்சுவரிலிருந்துதான் வந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. சுண்ணாம்புப் பொருக்கு ஒன்று இந்தப் பக்கம் உதிர்ந்து அவள் காலடியில் விழுந்தது.

பாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தில்தான் வயர் இருந்தது.

அது சாமி விளக்குக்குப் போன வயர். வீட்டுக்குக் கரண்டு வந்த நாளில் மாமனார் முதலில் போடச் சொன்னது சாமித் தட்டுக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்புதான். அதற்கு சுவிட்சு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். சுவிட்சு இருந்தால் யார் கையாவது அணைத்துவிடும், சாமி விளக்கை மனுஷக் கை அணைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஊரில் கரண்டு போகிற நேரமெல்லாம் அவர் கணக்கில் வராது. நடுச்சுவர் கட்டியபோது சாமித் தட்டு தம்பி பங்குக்குப் போனது. புதுச் சுவரின் அந்தப் பக்கத்திலேயே அதை மாட்டினார்கள். ஆனால் பழைய மீட்டர் அண்ணன் பக்கம் நின்றுவிட்டது. தியாகு வீட்டுக்குத் தனி மீட்டர் போட வந்த வயர்மேன் நல்லையா, "இந்த விளக்கு வயரை வெட்டி அந்தப் பக்கத்து மீட்டர்ல சேர்த்துடறேன்மா, ஒரு மணி நேர வேலை" என்றார். வெட்டினால் விளக்கு அணையும். மாமனாருக்கு வருஷத் திதிகூட வரவில்லை. கூடாது என்று பாக்கியமும் சொன்னாள், ருக்மணியும் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வாயாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அதனால் வயர் இருந்தபடியே இருந்தது. அண்ணன் வீட்டுக் கூரை மோட்டிலிருந்து இறங்கி, சுவருக்குள் புகுந்து, தம்பி வீட்டுச் சாமிக்கு வெளிச்சம் கொடுத்தது. மேலே சிமெண்டு பூசி, சுண்ணாம்பு அடித்தார்கள். நல்லையா சிங்கப்பூருக்குப் போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த பல்பு தானாகவே எரிந்துபோனது. ருக்மணி கண்ணாடிக் கதவு போட்ட சாமி அலமாரி ஒன்றை வாங்கி முன்கூடத்தில் வைத்துக்கொண்டாள். தியாகு பழைய பல்பு மாட்டியைக் கழற்றி, வயர் முனையில் கறுப்பு டேப்பைச் சுற்றி, ஓட்டைக்குள் தள்ளிப் பூசிவிட்டான். அவன் தன் வீட்டுப் பெரிய சுவிட்சை அடைத்துவிட்டுத்தான் செய்தான். வயர் செத்துவிட்டது என்று நினைத்தான். மர ஸ்டூலின் மேல் நின்று செய்ததால் தப்பித்தான்.

அந்தத் தகவல் எப்படியோ மாணிக்கவாசகம் காதுக்கு வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்:

"அந்த வயர்ல இன்னும் கரண்டு இருக்கு பாக்கியம். அவங்க வீட்டு மெயினை அடைச்சாலும் அது சாகாது. நம்ம மீட்டர்லேர்ந்துல்ல போகுது. தியாகுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா?"

"அவங்க வந்து கேட்கட்டும்" என்றாள் பாக்கியம்.

அவருக்கும் தம்பி வந்து கேட்கட்டும் என்றுதான் இருந்தது. வேண்டாம் என்று சொன்ன பழி மட்டும் பெண்டாட்டி மேல் இருக்கட்டும் என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஐந்தாவது அடி. ஆறாவது.

பாக்கியம் அரிசிப் பானையை வைத்துவிட்டுச் சுவரருகே ஓடினாள். ஓடியவள் ஒரு முழத்துக்கு இப்பால் நின்றுவிட்டாள். சுவரைத் தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. கை ஈரமாக இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு, சுவரைத் தொடாமலே கத்தினாள்.

"அடிக்காதீங்க! நிறுத்துங்க!"

சுத்தியல் நின்றது. பாக்கியத்துக்கு மூச்சு வந்தது. அடுத்த வார்த்தையை அவள் வாயில் சேர்ப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ருக்மணியின் குரல் வந்தது. அவளிடம் பேசவில்லை, வயர்மேனிடம் பேசுகிற மாதிரி, ஆனால் இங்கே கேட்கட்டும் என்று உரக்கப் பேசினாள்.

"நீங்க அடிங்கண்ணே. நம்ம வீட்டுச் சுவத்துல நாம ஒரு ஆணி அடிக்க ஊரெல்லாம் உத்தரவு வாங்கணுமா? அவங்களுக்கு என் அடுப்பு வந்ததுலேர்ந்தே தலைவலி. நல்லா அடிங்க."

சுத்தியல் முன்னைவிட வேகமாக விழுந்தது.

"கரண்டு இருக்கு ருக்கு! சுவத்துல கரண்டு இருக்கு!" என்று பாக்கியம் தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தம்ளர் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவள் வீட்டு முன்கூடத்தில் ரேடியோ வேறு, சுதந்திர தினத்துக்கு எந்தத் தெருவில் என்ன ஊர்வலம் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தால், ஆரம்பிச்சாச்சு இவங்க சண்டை என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். நான்கு வருடமாகச் சுவர் வழியாகப் பேசியதெல்லாம் வசவுதான். இன்று மட்டும் அது வேறு என்று யாருக்குத் தெரியும்?

ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று வாசலுக்கு விரைந்தாள். படியில் நின்று பார்த்தாள். ருக்மணி வீட்டுக் கேட்டில் சங்கிலி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அதைப் பிரிக்க வேண்டும், வாசல் கதவைத் தட்ட வேண்டும், இந்தச் சத்தத்தில் அடுப்படியில் இருப்பவளுக்குக் கேட்க வேண்டும், கேட்டாலும் அவள் வந்து திறக்க வேண்டும். பாக்கியம் கதவைத் தட்டினால் ருக்மணி திறப்பாளா? தானாக இருந்தால் திறந்திருப்போமா என்று ஒரு கணம் நினைத்தாள். திறந்திருக்க மாட்டாள். கூப்பிட்டுச் சொல்ல ஆண்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லை.

ஒரு வழி இருந்தது. அது அவள் தலைக்கு மேலேயே இருந்தது.

வாசல் கதவுக்குப் பக்கத்தில், மரப்பலகையில், மீட்டருக்குக் கீழே பெரிய சுவிட்சு. கறுப்பு இரும்புப் பெட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை இழுத்துக் கீழே விட்டால் வீட்டில் எல்லாம் நின்றுவிடும், அந்த வயர் உள்பட. பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆனால் கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருடத்தில் பாக்கியம் அந்தப் பெட்டியைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை. ஒரு தடவை துணியை எடுத்துக்கொண்டு போனபோது மாணிக்கவாசகம் கையைப் பிடித்து இழுத்தார். "அதைத் தொட்டே, கரிக்கட்டையா ஆயிடுவே. எடுத்துப் போடக்கூட ஆள் வர மாட்டாங்க" என்றார். அன்று முதல் அந்தக் கதவு வழியாகப் போகும்போதுகூட அவள் இடது தோளைச் சுருக்கிக்கொண்டு போவாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பெட்டி இப்போது முகத்துக்கு நேரே இருந்தது. உள்ளே ஏதோ மெல்ல முனகுவது போலிருந்தது. மீட்டர் முனகுகிறதா, தன் காதுதான் முனகுகிறதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையை நீட்டினாள். ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. மேலே போகச் சொன்னால் போகவில்லை.

டொக். டொக். டொக்.

செத்துப்போவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்த நாற்காலிக்குக் கீழே தன்னைப் பார்க்கும் என்று தோன்றியது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு நினைப்பும் வந்தது, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும்: பேசாமல் இறங்கிவிட்டால் என்ன? எனக்கென்ன தெரியும்? நான் பொம்பளை, கரண்டைப் பற்றி யார் என்னிடம் சொன்னார்கள்? ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரியும் என்பது தெரிந்த ஒரே ஆள் மாணிக்கவாசகம். அவர் வாயைத் திறக்க மாட்டார்.

அப்படி நினைத்துக்கொண்டு எத்தனை அடி நின்றாளோ. அவள் எண்ணவில்லை.

பிறகு சுத்தியலின் நடுவே ஒரு சத்தம் வந்தது. கத்தல் என்று சொல்ல முடியாது. கத்த வாயெடுத்தவன் வாய் பாதியில் கட்டிக்கொண்டது போல, "ம்ம்ம்" என்று ஒரே இழுப்பாக நீண்டது. அதற்கு மேல் ருக்மணி "அண்ணே, அண்ணே" என்று அலறினாள்.

பாக்கியம் முந்தானையைக் கையில் சுற்றியது பாதி, சுற்றாதது பாதி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து, உடம்பின் பாரம் மொத்தத்தையும் போட்டுக் கீழே இழுத்தாள். படாரென்று ஒரு சத்தம். நாற்காலி ஆடியது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ரேடியோ நின்றுவிட்டது. சுத்தியல் சத்தம் முன்பே நின்றிருந்தது. கரிக்கட்டை ஆகவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் என்ன ஆனது என்று தெரியவில்லை. ருக்மணியின் குரல்கூட இப்போது இல்லை. பாக்கியத்துக்கு அந்த அமைதியைப் போல் பயம் தந்தது வாழ்நாளில் வேறொன்றும் இல்லை. ஆள் போய்விட்டானோ? ருக்மணி அவனைப் பிடித்து இழுக்கப்போய் அவளும் சேர்ந்து... எழுந்து ஓடினாள். சங்கிலியின் முதல் சுற்றைப் பிரிக்கவே கை ஒத்துழைக்கவில்லை. இரண்டாவது சுற்றைப் பிரிக்காமல் கேட்டின் இடைவெளிக்குள் உடம்பை நுழைத்தாள். புடவை கிழிந்தது. முன்கதவு சாத்தியிருந்ததால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

அடுப்படி வாசலில் ஒரு ஜோடி ரப்பர் சப்பாத்து ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது. வயர்மேன் மருதமுத்து கழற்றி வைத்தது. அடுப்படி சாமி மாதிரி, உள்ளே சப்பாத்தோடு வரக் கூடாது என்று ருக்மணி சொல்லியிருப்பாள். பாக்கியமாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். உள்ளே தரை முழுக்க ஈரம். மருதமுத்து அந்த ஈரத்தில் வெறுங்காலோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உளி ஒரு மூலையில் கிடந்தது. ருக்மணி அவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போன செம்போடு, கொடுக்காமல் நின்றாள்.

உயிர் இருந்தது. பாக்கியம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடவே இல்லம்மா" என்றார் மருதமுத்து, யாரிடம் என்றில்லாமல். "உளியைப் புடிச்ச கை புடிச்சபடியே இருக்கு. எடுக்க முடியல. முடிஞ்சிச்சுன்னு நெனச்சேன். அப்புறம் தானா விட்டிருச்சு."

"மெயினை அடைச்சுத்தானேண்ணே இருக்கு? நீங்கதானே அடைச்சீங்க?" என்றாள் ருக்மணி.

"அடைச்சிட்டேன்லா. என் கையாலதான் அடைச்சேன். சுவிட்சைப் போட்டும் பார்த்தேன், ஒரு விளக்கும் எரியல. அதனாலதான் தைரியமா அடிச்சேன். இந்தக் கரண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல."

"எங்க வீட்லேர்ந்து" என்றாள் பாக்கியம்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் அங்கே நிற்பதையே ருக்மணி அப்போதுதான் பார்த்தாள்.

"பழைய சாமி விளக்கு வயரு. அது எங்க மீட்டர்ல சேர்ந்தது. இப்பதான் எங்க மெயினை இழுத்துவிட்டேன்." இதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மருதமுத்து கையெடுத்துக் கும்பிட்டிருப்பார், ருக்மணிகூட அழுதுவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பாள். உயிரைக் காப்பாற்றியவள் என்று காஜா பேராங்கில் நாலு பேர் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ருக்மணி கேட்டுவிட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் நுனி நாக்கு வரை வந்தது. இப்பத்தான், சத்தம் கேட்டப்பத்தான் என்று. பாக்கியம் அதை மென்று விழுங்கினாள். தரையில் உட்கார்ந்திருந்த ஆளின் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷமா" என்றாள்.

ருக்மணி செம்பைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்தாள், சுவரில் வெடித்த ஓட்டைக்குள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த செம்புக் கம்பியைப் பார்த்தாள், பிறகு தன் வலது உள்ளங்கையை விரித்து அதைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்தச் சுவரைத் தண்ணி ஊத்திக் கழுவுறேன் அக்கா. சாமி இருந்த இடமாச்சேன்னு" என்றாள். சத்தம் போடவில்லை. "சில நாளு கை சுர்ருன்னு முழங்கை வரைக்கும் இழுக்கும். வாதம்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா தைலம் தேச்சுக்கிட்டு இருக்கேன்."

நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த அக்கா என்ற சொல் அது. பாக்கியம் வாயைத் திறந்தாள். மன்னிச்சிடு என்று சொல்வதற்கா, நான் சொல்லத்தான் நினைச்சேன் என்று சொல்வதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. வாதம் என்று இவள் கையைத் தேய்த்துக்கொண்டு நடப்பதை இரண்டு வருடமாக ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள். வேலை செய்ய வணங்காத உடம்பு என்று சிரித்துமிருக்கிறாள்.

மருதமுத்து சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். "அந்தப் பக்கத்து மீட்டர்லயே அதை வெட்டி எடுத்துடணும்மா. இப்பவே எடுத்துடணும். யாராவது தெரியாம மெயினைத் திறந்துட்டா மறுபடியும் உயிர் வந்துடும்" என்றார். வாசலுக்குப் போய்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டார். இந்த முறை யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

"வாங்க. நான் காட்டுறேன்" என்றாள் பாக்கியம்.

"நானும் வரேன்" என்றாள் ருக்மணி. "வெட்டுறதை நான் கண்ணால பார்க்கணும்."

பாக்கியம் முன்னால் நடந்தாள். கேட்டுச் சங்கிலியை ருக்மணியே பிரித்தாள். மருதமுத்து நாற்காலியில் ஏறி, மீட்டருக்கு மேலே ஓடிய வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கை நடுக்கம் நிற்காததால் நேரமானது. பாக்கியம் பாயை எடுத்து விரித்து, "உட்காரு ருக்கு" என்றாள்.

ருக்மணி உட்காரவில்லை. வயர் அறுந்து அதன் இரண்டு முனையும் தனித்தனியாகத் தொங்கும்வரை, கைகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, எந்தச் சுவரும் மேலே படாதபடி நடு வீட்டில் நின்றுகொண்டிருந்தாள்.